புறாமலையில் புறா இல்லை

வணக்கம் ஐயா,

திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு (புறாமலை) பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையை நம்பி, ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு நிலாவெளிக்குப் போனோம். 'ஆளரவமில்லாத கற்தீவு' என்று எழுதியிருந்தீர்கள். பகல் பதினொரு மணிக்கு நாங்கள் போய் இறங்கியபோது கரையில் கால்வைக்க இடமில்லை, அவ்வளவு சனம். புறா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கும் கணவருக்கும் நீந்தத் தெரியாது. கல்லில் குந்தியிருந்து வெயில் காய்ந்ததுதான் மிச்சம். மணல்தானே என்று செருப்பைக் கழற்றினால் காலெல்லாம் குத்துகிறது. வள்ளக் கூலி, நுழைவுக் கட்டணம் என்று போன காசுக்கு ஒரு பாறையைப் பார்த்துவிட்டு வந்தோம். புறாதான் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டு ஏ.சி. பெட்டியில் நாள் முழுக்கப் பார்க்கலாம். இதை எதற்காகத் தேசியப் பூங்கா என்கிறார்கள்? சின்னவன் மட்டும் கரையில் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து ஷோகேசில் வைத்திருக்கிறான்.

வாசகி, வெள்ளவத்தை


அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுரை 2003இல் போன பயணத்தின் ஞாபகத்தில் எழுதியது. போர்நிறுத்தக் காலம். இரவு பஸ்ஸில் போய் இறங்கி, சித்தப்பாவின் கூட்டாளி ஒருவருடைய வள்ளத்தில் ஏறினோம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான். தீவில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஈ காக்கை இல்லை. அந்த வெறுமையைத் தீவின் சுபாவம் என்று எழுதிவிட்டேன். ஆட்களை அண்டவிடாமல் வைத்திருந்தது யுத்தம் என்பது அப்போது உறைக்கவில்லை. 1963 முதல் சரணாலயமாக இருந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் அதே 2003இல்தான். பிறகு சனம் வராமல் என்ன செய்யும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூங்காவின் மொத்தப் பரப்பு 471 ஹெக்டேயர். நீங்கள் இறங்கிய பெரிய தீவு ஏறத்தாழ 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். நீள்சதுரமாகவே கணக்குப் போட்டாலும் இரண்டு ஹெக்டேயர். பக்கத்தில் இருக்கும் சின்னத் தீவு அதைவிடவும் குறைவு. மிச்சம் 460க்கு மேல் முழுக்கக் கடல். நீங்கள் டிக்கெட் எடுத்தது தண்ணீருக்கு, இருந்துவிட்டு வந்தது வாசற்படியில். வள்ளத்தில் ஏற முன்பே இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் என் கட்டுரையில் சொல்லவில்லை.

இனிப் புறா. ஏ.சி. பெட்டியை நீங்கள் எரிச்சலில்தான் இழுத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்துவைத்த வரி அதுதான். அந்தத் தீவுக்குப் பேர் கொடுத்த பறவையும் உங்கள் பல்கனியில் எச்சமிடும் பறவையும் ஒரே இனம், மாடப்புறா. மாடத்தில் குடியிருப்பதால் நம் ஆட்கள் அப்படிப் பேர் வைத்தார்கள். சரி, மாடங்கள் வருமுன் அது எங்கே குடியிருந்தது? கடலோரச் செங்குத்துப் பாறைகளின் வெடிப்பிலும் விளிம்பிலும்தான். மரத்தில் கூடு பின்னும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. நாலு சுள்ளி, இரண்டு வெள்ளை முட்டை, பதினேழு பதினெட்டு நாள் அடை. பாம்பும் பூனையும் இலேசில் ஏறிவர முடியாத தட்டையான ஒரு விளிம்பு கிடைத்தால் போதும்.

மனிதன் அதைப் பிடித்து வளர்க்கத் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. வளர்த்த வீட்டிலிருந்து தப்பிப் போனவற்றின் வாரிசுகள்தான் நம் ஊர்ப்புறாக்கள். செட்டியார் தெருக் கோபுரத்தையும் புறக்கோட்டை மாடிகளையும் அவை பாறை என்றே எடுத்துக்கொண்டன. புறாமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 44.8 மீட்டர். (நிலாவெளிக்காரருக்கு அது புறாமலைதான். கரையில் நின்று பார்ப்பவனுக்கு மலை, வள்ளத்தில் போய் இறங்குபவனுக்குத் தீவு.) பதினைந்து மாடித் தொடர்மாடி ஒன்று அந்த உயரம் வரும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நிற்கும் தொடர்மாடி அந்தப் பறவையின் கண்ணுக்கு இன்னொரு புறாமலை. உங்கள் ஏ.சி. பெட்டி அதில் நல்ல காற்றோட்டமான ஒரு விளிம்பு.

வித்தியாசம் உடுப்பில்தான். காட்டு மாடப்புறாவுக்கு ஒரே சீருடை: சாம்பல் உடல், செட்டையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவும் மினுங்கும். கொழும்பில் வெள்ளை, கபிலம், புள்ளி, எல்லாம் கலந்து பறக்கின்றன. மனிதன் ஆசைக்கு வளர்த்ததன் அடையாளம் அது. நாளைக் காலையில் உங்கள் பல்கனிக் கூட்டத்தில் இரண்டு பட்டைச் சாம்பல் புறா எத்தனை என்று பாருங்கள். கட்டாயம் சிலது இருக்கும்.

தீவில் ஏன் காணவில்லை என்றால், அந்தக் கல்லில் நெல்லா விளைகிறது? தானியம் தின்னும் பறவை இரைக்குக் கரைப்பக்கம் பறந்துதான் ஆகவேண்டும். பகல் பதினொரு மணிக்கு, அத்தனை சனம் கத்திக்கொண்டு இறங்கும்போது, நீங்கள் புறாவாக இருந்தால் அங்கே இருப்பீர்களா? ஆங்கிலேயர் காலத்தில் அந்த இடத்தைச் சூட்டுப் பயிற்சிக்குப் பாவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் புறா அந்தப் பாறையைக் கைவிடவில்லை.

காலில் குத்திய கரைக்கு வருகிறேன். மணல் என்று நினைத்து நீங்கள் மிதித்தவற்றில் பெரும்பாலானவை முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், துண்டுகள். தீவைச் சுற்றி உயிரோடு இருக்கும் முருகையிலிருந்து முறிந்ததை அலை கொண்டுவந்து ஒதுக்கியது. முருகை செடியுமல்ல, கல்லுமல்ல. பூவரசம் மொட்டைவிடச் சிறிய உயிர்கள் கூட்டமாக இருந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பைப் படியவைத்துக்கொண்டே போகின்றன. தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதுதான் அவற்றின் பிரதான சாப்பாடு. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு பாகை கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், முருகை வெளிறிவிடும். 1998இல் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கத்து முருகை அப்படித்தான் பெருமளவில் மாண்டது. திருகோணமலைப் பக்கம் அந்த முறை தப்பியது. அதற்கு முன்பு 1970களில் முள்முடி நட்சத்திரமீன் பெருகி இங்கேயும் மேய்ந்திருக்கிறது. சுனாமியின் அடியும் இந்த இடத்துக்கு மிதமாகத்தான் விழுந்தது.

இத்தனையையும் கடந்து வந்ததை இப்போது முறிப்பது எங்கள் கால்தான். நீந்தத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். களைத்ததும் காலை ஊன்றுவது முருகையின் மேல். ஆகவே 'பரவாயில்லை, அடுத்தமுறை இறங்கிப் பாருங்கள்' என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வேறொன்று செய்யலாம். இங்கேயே ஏதாவது நீச்சல் தடாகத்தில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுக் குப்புற மிதக்கப் பழகுங்கள். நீந்தத் தேவையில்லை, மிதந்தால் போதும், பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் நிற்கட்டும். அடிநிலம் வெறும் மணலாக இருக்கும் இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை மட்டும் அமிழ்த்தினாலும் ஒரு உலகம் திறக்கும். கிளிமீன் முருகையைக் கறுமுறு என்று கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். (அது கடித்து விழுங்கிக் கழிப்பதுதான் வெள்ளை மணலில் ஒரு பங்கு. கடற்கரை மணலைக் கவிதையாக எழுதுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.) செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டிகள் ஆழமில்லாத இடத்துக்கே வரும். உங்களைக் கண்டால் அவைதான் ஓடும். அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமை என்ற கடலாமையும்.

போவதென்றால் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், பள்ளி விடுமுறை இல்லாத கிழமை நாளில், காலை முதல் வள்ளத்தில். வாடைக்காற்று தொடங்கினால் அந்தக் கடலை மறந்துவிடுங்கள்.

சின்னவனின் வெள்ளைக் கல்லும் முருகைதான். பூங்காவிலிருந்து கல், சிப்பி ஒன்றும் எடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. ஏச வேண்டாம். என் சின்ன வயதில் எங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருந்தது, அப்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சும்மா ஷோகேசில் வைக்காமல், ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் இருந்தது. எத்தனை குழி என்று அவன் எண்ணத் தொடங்கினால், எந்த இடத்தில் கணக்குத் தவறியது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்