ஏற்காட்டு வீட்டு ஹாலுக்கு எந்த ஃபயர்ப்ளேஸ் சரி?

கேள்வி: ஏற்காட்டில் வீடு கட்டுகிறோம். 12-க்கு 15 அடி ஹாலில் சுவரோடு பதித்த ஃபயர்ப்ளேஸ் வேண்டும். திறந்ததா, கண்ணாடிக் கதவு போட்டதா? எத்தனை கிலோவாட்?

கண்ணாடிக் கதவு போட்ட வார்ப்பிரும்புப் பெட்டி, 4 அல்லது 5 கிலோவாட். அதற்கு மேல் போகாதீர்கள்.

திறந்த கணப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் அறைக்கு வரும். மீதி புகையோடு போகும். போகும்போது அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முன்னால் உட்கார்ந்தால் முகம் காந்தும், முதுகு சில்லிடும். கதவுள்ள நல்ல பெட்டியில் 70 சதவீதத்துக்கு மேல் வீட்டிலேயே தங்கும்.

மார்கழி ராத்திரியில் வெளியே 12 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்று வையுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம் போட்ட உங்கள் ஹாலில் அந்த 8 டிகிரியைப் பிடித்துவைக்க ஒன்றரை கிலோவாட் போதும். ஈரத்தில் ஊறிக் குளிர்ந்த சுவரை முதலில் சூடேற்றத்தான் மிச்சம். பனி விழும் நாடுகளுக்குச் செய்த 12 கிலோவாட் பெட்டியை வாங்கிவிட்டால் அரை மணியில் வெக்கை தாங்காமல் காற்றுத் திறப்பை மூடுவீர்கள். விறகு எரியாமல் கனன்று புகையும், கண்ணாடி கறுக்கும், குழாய்க்குள் கீல் போல க்ரியோசோட் படியும். பின்னொரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிப்பது அந்தப் படிவால்தான்.

பெட்டியைவிட புகைபோக்கிக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் புகையை மேலே இழுக்கும் இழுவையும் குறையும். குழாயை அடுப்பிலிருந்து 15 அடிக்குக் குறையாமல், முடிந்தவரை வளைவில்லாமல் ஏற்றுங்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் உயர்ந்திருக்கட்டும். 5 கிலோவாட் பெட்டிக்கு 6 அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய், 316 கிரேடு, சுற்றிலும் சூட்டை வெளியே விடாத ராக்வுல் உறை. வெறும் ஜிஐ குழாய் போட்டால் மூடுபனியில் குளிர்ந்து உள்ளே புகை நீராகச் சொட்டும், சீக்கிரம் துருவேறும். வெளிச்சுவரைவிட வீட்டின் நடுச்சுவரில் ஏற்றுவது மேல். குழாய் சூடாகவே இருக்கும்.

திறந்த கணப்புதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், வாய்ப்பரப்பில் பத்தில் ஒன்று புகைவழியாக இருக்க வேண்டும். 36-க்கு 30 அங்குல வாய்க்கு 108 சதுர அங்குலம், அதாவது 12 அங்குலக் குழாய். 6 அங்குலக் குழாயின் பரப்பு 28 சதுர அங்குலம்தான். “ஹாலெல்லாம் புகை” என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

கொத்தனாரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தீ படும் இடத்தில் சிமெண்ட் கலவை கூடாது, சூட்டில் பொரிந்துவிடும். சூடு தாங்கும் ஃபயர் கிளே கலவையை மெல்லிய இணைப்பாகப் பூச வேண்டும். அடுத்தது கல். சேலம் வெள்ளைக்கல்லுக்கு, அதாவது மேக்னசைட்டுக்கு, பேர்போன ஊர் என்பதால் மேக்னசைட் செங்கல்லை யாராவது சிபாரிசு செய்வார்கள். அது உருக்கு உலைக்கு உரியது; ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி வெடிக்கும். சாதாரண ஃபயர் பிரிக்கே போதும்.

குழாய் இல்லாத கேஸ் ஃபயர்ப்ளேஸ் இந்த மலைக்கு ஒத்துவராது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். ஏற்கெனவே பூசணம் பூக்கும் சுவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

விறகு: காபிக் கட்டை கெட்டி, நின்று எரியும். சில்வர் ஓக் லேசானது, பற்றவைக்க நல்லது, சீக்கிரம் தீரும். தை, மாசியிலேயே பிளந்து, தரையில் படாமல் கொட்டகையில் அடுக்கினால்தான் அடுத்த குளிருக்கு ஆகும். மழைக்காலத்தில் வாங்கி அப்படியே போட்டால் சூட்டில் ஒரு பகுதி ஈரத்தை விரட்டவே செலவாகும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், பச்சை மொத்தென்று அடங்கும். 5 கிலோவாட் முழுதாக எரிய மணிக்கு சுமார் 1.7 கிலோ காய்ந்த விறகு ஆகும்.

வெளிக்காற்று வர பெட்டிக்கு அருகில் 4 அங்குலக் குழாய் விடுங்கள். அது இல்லாமல் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் புகை திரும்பி வீட்டுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரத்தை ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று மாட்டுங்கள்.

பெட்டி வந்ததும் கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் கதவு விளிம்பில் இடுக்கை அடைக்கும் கயிறு சரியில்லை. பணம் கொடுக்கும் முன் மாற்றித் தரச் சொல்லுங்கள்.