வேலை தேடித் தருபவருக்கு என்ன பயிற்சி?

அன்புள்ள அண்ணா,

திருகோணமலையில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு நல்ல வேலை தேடிக் கொடுப்பது பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சி வைக்கப்போகிறார்கள். முன்பு நடந்தவை சட்டம், உரிமை, பகல் சாப்பாடு என்று முடிந்தன. திரும்பி வந்து நாங்கள் கொடுத்ததென்னவோ தையல் மெஷினும் கோழிக்கூடும்தான். இந்த முறை எதைக் கேட்டு வாங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

சட்டம் தெரிந்திருப்பது நல்லதுதான். அரச வேலையில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது, 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. ஆனால் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் மனேஜர் முன்னால் போய் நிற்கும்போது இதெல்லாம் உதவாது. "உங்கள் லோண்டரியில் எந்த நேரம் ஆள் போதாமல் இருக்கிறது?" என்று கேட்கத் தெரிய வேண்டும். ஆகவே, பயிற்சியில் பாதியையாவது வேலைத்தலத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

துவாய் மடிப்பதையே பாருங்கள். ஈரம் போய்விட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், கறை பட்டதை ஒதுக்க வேண்டும், ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும், அளவு பார்த்து அடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பிள்ளை இதில் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் உதவ வேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்ளவும் வேண்டும். நம் ஆட்களுக்குக் கஷ்டம் அதுதான், பாசத்தில் தாங்களே மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1970களில் இப்படிப் படிப்படியாகப் பிரித்துத்தான், ஒன்றும் ஏலாது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டப் பழக்கினார். முதலில் வேலையில் சேர்த்து, பிறகு அங்கேயே பழக்கும் முறை பின்னாளில் பல நாடுகளில் பரவியது. இங்கே இன்னும் பயிற்சி நிலையத்தில் பழகிய பிறகுதான் வேலை என்கிறோம். சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சம்பளப் பேச்சையும் பழகிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உள்ளது இவருக்கும் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். "பாவம், ஏதோ பார்த்துக் கொடுக்கிறோம்" என்று சொல்லும் இடத்தில் ஆளைச் சேர்க்காதீர்கள். காலை ஷிப்டுக்கு அந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் வரும் என்பதையும் சேர்க்கும் முன்பே விசாரியுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஹோட்டலுக்குப் போய்ப் பார்ப்பது யார், அந்தப் பயணச் செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று பயிற்சியின் முதல் நாளே மேலதிகாரியிடம் கேட்டு வையுங்கள்.