யோவான் நற்செய்தித் துண்டின் வயது என்ன? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் கிரேக்கப் பாப்பிரஸ் (எகிப்தியக் கோரையில் செய்த தாள்) துண்டு ஒன்றின் படத்தை வெளியிட்டிருந்தோம். யோவான் நற்செய்தியின் சில வரிகள் அதில் உள்ளன. ஆய்வாளர்கள் அதைப் ‘பி 52’ என்று குறிக்கிறார்கள். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, ஓலைச்சுவடிகளைப் படித்தும் பேணியும் பட்டியலிட்டும் ஓய்வுபெற்ற நம் ‘ஏட்டுப் பக்கம்’ அம்மா பதிலளிக்கிறார்.

மறைக்கல்வி ஆசிரியை, நெல்லித்தோப்பு: அம்மா, வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டி, “இது கி.பி. 125இல் எழுதப்பட்டது” என்று சொல்லிக்கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அதில் தேதி போட்டிருக்கிறதா டீச்சர்?” என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் அந்தப் பையனை என் சார்பில் தட்டிக்கொடுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். தேதி போடவில்லை. பழங்காலத்தில் கடன் பத்திரம், வரி ரசீது, மனு போன்றவற்றில்தான் “இன்ன பேரரசரின் இத்தனையாவது ஆண்டு” என்று எழுதுவார்கள். நூலைப் படியெடுத்தவர்கள் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே தேதியுள்ள பத்திரங்களின் கையெழுத்தை வரிசையாக வைத்து, தேதியில்லாத நூலின் கையெழுத்து எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள்.

இந்தத் துண்டை 1920இல் எகிப்தில் வாங்கிய பாப்பிரஸ் கட்டுகளோடு சேர்த்து வாங்கியவர் பெர்னார்டு கிரென்ஃபெல் என்ற பாப்பிரஸ் ஆய்வாளர். அது இன்னதென்று யாரும் அறியாமல் நூலகத்திலேயே கிடந்தது. காலின் ராபர்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அதை யோவான் நற்செய்தி என்று இனங்கண்டு 1935இல் வெளியிட்டார். ஃபயூம் பகுதியில் கிடைத்த, கி.பி. 94ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு பாப்பிரஸ் உட்படப் பல எழுத்துகளோடு ஒப்பிட்டு, இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதி என்று கணித்தார். கென்யன் போன்ற மூத்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். டைஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞர் இன்னும் முந்தியதாகக்கூட இருக்கலாம் என்றார். 100க்கும் 150க்கும் நடுவே 125 விழுகிறது. உங்கள் பாடக்குறிப்பில் இருக்கும் ஆண்டு இப்படி வந்ததுதான்.

அன்றைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் டியூபிங்கனில் எஃப். சி. பௌர் என்ற அறிஞர், யோவான் நற்செய்தி கி.பி. 170ஐ ஒட்டித்தான் இயற்றப்பட்டிருக்கும் என்று வாதிட்டிருந்தார். அந்த நற்செய்தி பிறந்ததாகப் பௌர் சொன்ன காலத்துக்கு முன்பே, எகிப்தில் ஒருவர் அதைப் படியெடுத்து முடித்திருந்தார் என்று இந்தத் துண்டு காட்டுவதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பாடநூல்களுக்குள் நுழைந்தது.

2005இல் பிரென்ட் நோங்பிரி என்ற ஆய்வாளர் மறுபடியும் ஒப்பீடுகளை எடுத்துப் பார்த்தார். இதே சாயலுள்ள எழுத்து இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தேதியிட்ட பத்திரங்களில் இருப்பதைக் காட்டினார். அவர் சொல்வது எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. இருபது வயதில் எழுதப் பழகியவர் அறுபது வயதிலும் அதே கையோடுதான் எழுதுகிறார். அவரிடம் படித்த பிள்ளையும் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு போகிறான். நம் ஓலைகளிலேயே பாருங்கள். எகர ஒகரக் குறில் நெடிலைப் பிரித்துக்காட்ட வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வரிவடிவத்தைத் திருத்தினார். அவர் காட்டிய வடிவம் ஓர் ஏட்டில் இருந்தால் அந்த ஏடு அவருக்கு முந்தியதல்ல என்று துணிந்து சொல்லலாம். அது இல்லாவிட்டால் முந்தியது என்று சொல்ல முடியாது. அவருக்குப் பிறகும் பழைய வழக்கப்படியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம்.

ஆகவே டீச்சர், “இரண்டாம் நூற்றாண்டாக இருக்கலாம், சற்றுப் பிந்தியும் இருக்கலாம், கையெழுத்தை வைத்து இதற்குமேல் நெருக்கிச் சொல்ல முடியாது” என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் அந்தத் துண்டுக்கு எந்தக் குறைவும் இல்லை. ஒற்றை ஆண்டைச் சொல்லிக்கொடுத்து, நாளை அதே பையன் கல்லூரியில் வேறு ஆண்டைக் கேட்டுவிட்டு வந்தால், நீங்கள் சொன்ன மற்றதையும் அவன் சந்தேகிப்பான்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மஞ்சக்குப்பம்: படத்தில் ஏதோ எழுத்துகள் தெரிகின்றன. அதில் என்ன எழுதியிருக்கிறது? “உண்மை என்றால் என்ன?” என்று, இயேசுவை விசாரித்த ரோமானிய ஆளுநன் பிலாத்து கேட்ட கேள்வி அதில் இருப்பதாக ஓரிடத்தில் படித்தேன்.

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா. ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரிடம் கிரேக்க எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டேன். அச்சிட்ட கிரேக்க மூலத்தையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் துண்டைப் படித்தேன்.

உயரம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர், அகலம் 6 சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இருபுறமும் எழுத்து இருக்கிறது, பக்கத்துக்கு ஏழு வரிகளின் மிச்சம். முன்புறம் யோவான் 18ஆம் அதிகாரம் 31 முதல் 33 வரையுள்ள வசனங்கள். பின்புறம் 37, 38ஆம் வசனங்கள். பிலாத்துவின் முன் நடக்கும் விசாரணைக் காட்சி. துண்டு ஏட்டின் மேல் மூலையிலிருந்து வந்தது. அதனால் முன்புறத்தில் வரிகளின் தொடக்கம் மட்டும், பின்புறத்தில் வரிகளின் முடிவு மட்டும் நமக்குக் கிடைக்கின்றன.

இனி பிலாத்துவின் கேள்விக்கு வருகிறேன். பின்புறத்தின் மூன்றாம் வரியில் இயேசு சொல்லும் “உண்மையைச் சார்ந்த” என்பது கடைசி எழுத்துகள் நீங்கலாக நிற்கிறது. நான்காம் வரியின் முடிவில் “அவரிடம் சொல்கிறான்” என்பது தெளிவாக இருக்கிறது. ஐந்தாம் வரியின் முடிவில் “இதை” என்பது இருக்கிறது, அதாவது “இதைச் சொல்லிவிட்டு” என்பதன் தொடக்கம். இடையில், ஐந்தாம் வரியின் முன்பாதியில்தான் பிலாத்துவின் பெயரும் அவன் கேள்வியும் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாதி கிழிந்து போய்விட்டது. கேள்விக்கு முந்திய சொல் இருக்கிறது, பிந்திய சொல் இருக்கிறது, கேள்வி இல்லை. அது அங்கே எழுதப்பட்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரியின் நீளம் சரியாகப் பொருந்துகிறது. ஆனாலும் “இந்தத் துண்டில் அந்தக் கேள்வி இருக்கிறது” என்று எழுதுவது தவறு. இருப்பதை இருப்பதாகவும், ஊகித்து நிரப்பியதை நிரப்பியதாகவும் எழுதுவதுதான் ஏடு படிப்பவரின் முதல் கடமை. நாங்கள் சுவடிப் பதிப்பில் பகர அடைப்புக்குறி போடுவது அதற்காகத்தான்.

வரி நீளத்தை எண்ணுவதால் இன்னொன்றும் தெரிகிறது. 37ஆம் வசனத்தில் “இதற்காகவே பிறந்தேன், இதற்காகவே உலகிற்கு வந்தேன்” என்று “இதற்காகவே” இருமுறை வரும். துண்டின் இரண்டாம் வரியில் இரண்டாவது “இதற்காகவே” நுழைய இடம் போதவில்லை. படியெடுத்தவர் அதை விட்டிருக்கிறார் போலும். ஒரே சொல் அடுத்தடுத்து வரும்போது கண் தாவிவிடுவது ஏடு எழுதுகிற எல்லோருக்கும் நேர்வது. ‘இ’ ஒலியில் இரண்டிடங்களில் அவர் எழுத்துக்கூட்டல் பிசகுகிறது. நம் ஓலைகளில் ரகர றகரம் மாறுவதைக் கண்டு பழகியவளுக்கு, ஒலியைக் கேட்டு எழுதிய ஒரு மனிதரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

முன்புறத்தின் கடைசி வரிக்கும் பின்புறத்தின் முதல் வரிக்கும் நடுவே உள்ள வசனங்கள் எத்தனை வரி பிடிக்கும் என்று கணக்கிட்டால், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு வரி வருகிறது. நற்செய்தி முழுவதும் ஏறத்தாழ 130 பக்கம். சுருளாக இருந்திருந்தால் பெரும்பாலும் உட்புறத்தில் மட்டும்தான் எழுதியிருப்பார்கள். இருபுறமும் தொடர்ந்து வருவதால் இது தாள்களை மடித்துத் தைத்த புத்தகம். அந்தக் காலத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் சுருளில் படித்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்தவர்கள் தைத்த புத்தகத்தையே விரும்பி எடுத்துக்கொண்டார்கள். தேதியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு ஆதங்கம்.

கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை: கார்பன் சோதனை செய்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமே?

தீராது தம்பி. சோதனைக்கு ஏட்டில் ஒரு பகுதியை வெட்டி எரிக்க வேண்டும். இருப்பதே உள்ளங்கையளவு. அப்படியே செய்தாலும் விடை ஓர் ஆண்டாக வராது, பல பத்தாண்டுகள் அகலமுள்ள ஒரு காலப்பரப்பாகத்தான் வரும். அதுவும் செடியை அறுத்த காலத்தைச் சொல்லுமே தவிர, மையைத் தொட்டு எழுதிய நாளைச் சொல்லாது.

மீனவர் கூட்டுறவுச் சங்க எழுத்தர், தேவனாம்பட்டினம்: அவர்களுடைய ஏடு ஆயிரத்து எண்ணூறு ஆண்டு நிற்கிறது. நம் ஓலை முந்நூறு ஆண்டு நிற்பதே அபூர்வம் என்கிறீர்கள். பாப்பிரஸ் அவ்வளவு உறுதியா?

உறுதியில் ஓலை எந்த வகையிலும் குறைந்ததல்ல. பாப்பிரஸ் என்பது நைல் நதியின் சதுப்பில் வளரும் ஒரு பெருங்கோரை. நம் பாய்க் கோரையின் இனம்தான். தண்டின் உள்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஓர் அடுக்கை நெடுக்காகவும் மற்றோர் அடுக்கைக் குறுக்காகவும் பரப்பி அழுத்துவார்கள். காய்ந்ததும் தாளாகிவிடும். கரியும் பிசினும் கலந்த மையை நாணல் பேனாவால் தொட்டு எழுதுவார்கள்.

வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. எகிப்தில் நைலின் வெள்ளம் எட்டாத மேட்டு மணலில் மழையே இல்லை. அங்கே ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளில் கிரென்ஃபெல்லும் அவருடைய கூட்டாளி ஹன்டும் 1896 முதல் 1907 வரை தோண்டியபோது பாப்பிரஸ் கூடைகூடையாக வந்தது. முதல் பருவத்திலேயே மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் கொண்ட ஏடு ஒன்று கிடைத்தது. ஊரார் வேண்டாமென்று வீசியதை மணல் காத்தது. நம் கடற்கரையில் உப்புக் காற்று, ஐப்பசி மழை, கரையான், இராமபாணப் பூச்சி. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, கரி பூசி, வெயில் படாமல் காற்றாட வைத்துப் பார்த்தும் என் கண்ணெதிரே பொடிந்த ஏடுகள் உண்டு. அதனால் நம் முன்னோர் ஏட்டைக் காப்பதைவிட, தலைமுறைக்கொரு முறை படியெடுப்பதையே நம்பினார்கள். எகிப்திலும் அலெக்சாந்திரியா கடலோர ஈரத்தில் இருந்ததால், அந்தப் பெரிய நகரத்தின் மண்ணிலிருந்து பாப்பிரஸ் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை.

இல்லத்தரசி, அரியாங்குப்பம்: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் ரோமானியர் வந்து போனதாகச் சொல்கிறார்களே. இப்படி ஒரு நற்செய்தி ஏடு அப்போதே இங்கே வந்திருக்குமா?

கப்பல்கள் வந்தன என்பதற்குச் சான்று உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திர ஓடுகள் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து ஒரு கிரேக்க வணிகர் எழுதிய செங்கடல் பயணக் குறிப்பில் வரும் ‘பொதுக்கே’ என்ற துறைமுகத்தை அரிக்கமேடு என்றே பலரும் கொள்கிறார்கள். முசிறிக்குச் சென்ற வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் எழுதிய இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்று இன்று வியன்னாவில் இருக்கிறது. ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த யானைத் தந்தமும் கங்கைச் சடாமாஞ்சியும் அதில் கணக்கெழுதப்பட்டிருக்கின்றன. ஆக, பி 52ஐ எழுதியவர் வாழ்ந்த நாட்டில் நம் கரையிலிருந்து போன சரக்கு விற்றுக்கொண்டிருந்தது. நற்செய்தி ஏடு இங்கே வந்ததற்கு மட்டும் எந்தச் சான்றும் இல்லை. ஆசைக்காகச் சான்றை உண்டாக்க வேண்டாம் அம்மா.

அச்சக உரிமையாளர், திருப்பாதிரிப்புலியூர்: முதல் நூற்றாண்டு மாற்கு நற்செய்தி கிடைத்துவிட்டது என்று கைப்பேசியில் ஒரு தகவல் சுற்றுகிறது. உண்மையா?

பழைய சரக்கு. 2012இல் அமெரிக்காவில் ஒரு பொது விவாத மேடையில் அப்படி அறிவித்தார்கள். 2018இல் ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ் தொகுதியில் அந்தத் துண்டு முறைப்படி வெளியானது. மாற்கு முதல் அதிகாரத்தின் சில வசனங்கள். பதிப்பித்தவர்கள் குறித்த காலம் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதி. அதுவே மாற்கு நற்செய்திக்கு மிக அரிய செல்வம். முதல் நூற்றாண்டு என்று ஊதியதால், உண்மையான காலம் தெரிந்தபோது பலர் ஏமாந்துபோய் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வருவது அதற்காகத்தான்.

தமிழாசிரியர், வில்லியனூர்: கிழிசல் அல்லாமல், முழுமையாகச் சொல்லத்தக்க பழைய ஏடு உண்டா?

உண்டு. பவுலின் கடிதங்கள் அடங்கிய ‘பி 46’. கி.பி. 200ஐ ஒட்டியது என்பார்கள். 104 தாள்கள் இருந்த புத்தகத்தில் 86 கிடைத்திருக்கின்றன. வணிகர்கள் பிரித்து விற்றதால் 56 தாள்கள் டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்திலும், 30 தாள்கள் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. நம் திருவிவிலியத்தில் கடிதங்களின் பின்வரிசையில் வரும் எபிரேயர் கடிதம், அதில் உரோமையருக்கு அடுத்து இரண்டாவதாக இருக்கிறது. இரண்டிடத்து ஏடுகளின் படங்களையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்: பாட்டனார் காலத்து ஓலைக்கட்டு ஒன்று பரணில் இருக்கிறது. ஏதோ கிறிஸ்தவச் செபங்கள் என்று அத்தை சொல்வார். ஏடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என்ன செய்யலாம்?

பிரிக்காதீர்கள். கத்தி நுழைக்காதீர்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். கட்டு இப்போது இருக்கிற நிலையிலேயே கைப்பேசியில் படமெடுங்கள். கயிறு அறுந்திருந்தால் ஏடுகளின் வரிசை கலையாமல் இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே வைத்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பரணிலிருந்து இறக்கி, காற்றோட்டமுள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். அத்தை நல்ல நினைவோடு இருக்கும்போதே, அது யார் கையெழுத்து, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வீட்டில் படித்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, கேட்ட தேதியையும் போட்டுக் கட்டோடு வையுங்கள். பிறகு பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஏடு பிரிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.