கியர்பாக்ஸ் ஆயில் பானில் டிரெயின் வால்வு பொருத்தலாமா?

கேள்வி: என் காரின் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில் பானில், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டில், ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் இல்லை. ஆயில் மாற்ற, பான் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கிறது. என்ஜினுக்குப் பொருத்துவது போன்ற, கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும் வால்வை இதிலும் பொருத்தலாமா? பொருத்திவிட்டால் இனி பானைக் கழற்றவே வேண்டாமா?

பதில்: வடிப்பதற்கு வழி செய்துகொள்வது நல்ல யோசனை. ஆனால் வால்வு வேண்டாம். மரையுள்ள சாதாரண டிரெயின் பிளக்கே போதும். பல வண்டிகளில் இந்தப் பான் மிகவும் தாழ்வாக இருக்கும். அதிலிருந்து கீழே நீண்டிருக்கும் வால்வு, சாலையில் கிடக்கும் கல்லோ கம்பியோ பட்டு உடைந்தாலோ திறந்துகொண்டாலோ, ஓட்டுபவர் உணர்வதற்குள் ஆயில் கொட்டிவிடும். இங்கு ஆயிலின் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமல்ல. கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிக்கும் விசையே ஆயிலின் அழுத்தத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே ஆயில் வற்றிய நிலையில் சிறிது தூரம் ஓடினாலும் கிளட்ச்சுகள் வழுக்கிக் கருகிவிடும்.

ஃபில்டரும் சேர்ந்தே வரும் பிளாஸ்டிக் பானில் துளையிடவே கூடாது. எஃகுத் தகட்டுப் பானாக இருந்தால், மரையுள்ள தடித்த வளையத்தை வெல்டிங் செய்யலாம். அல்லது இருபுறமும் வாஷர் வைத்து நட்டால் இறுக்கும் பிளக் தொகுப்பைப் பயன்படுத்தலாம். வெல்டிங்தான் நீடித்து நிற்கும் என்றாலும், அதன் வெப்பத்தில் கேஸ்கெட் அமரும் விளிம்பு வளைந்துவிடக்கூடும் என்பதால், பானை ஒரு தடித்த தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கிய பிறகே அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

அதிகம் யோசிக்க வேண்டியது இடத்தைப் பற்றித்தான். பிளக் பானின் மிகத் தாழ்ந்த பகுதியில் இருக்க வேண்டும். அதே சமயம் உள்ளே நீளும் நட்டு ஃபில்டரிலோ, ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியிலோ இடிக்கக் கூடாது. குறித்த இடத்தில் சிறிது களிமண்ணை உருட்டி வைத்துப் பானை ஒருமுறை பொருத்திக் கழற்றினால், அது நசுங்கியிருக்கும் அளவிலிருந்து உள்ளே எவ்வளவு இடைவெளி உண்டு என்பது தெரிந்துவிடும். நட்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, ஏனெனில் அதன் உயரத்துக்குப் பழைய ஆயில் எப்போதும் அடியில் தேங்கி நிற்கும். பானைக் கழற்றி வெளியே வைத்தே துளையிடுங்கள். பிசிறை அராவி நீக்கி, நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். ஓர் உலோகத் துகள் உள்ளே போனாலும் வால்வு பாடியின் நுண்ணிய வால்வுகள் சிக்கிக்கொள்ளலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிளக் வழியாகப் பானில் உள்ள ஆயில் மட்டுமே வடியும். என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் உள்ள பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். ஃபில்டரை மாற்றுவதற்கும், இரும்புத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் காந்தத்தைத் துடைப்பதற்கும் பானைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் முதலில் ஆயிலை வடித்துவிட்டுக் கழற்றுவதால், சூடான ஆயில் மேலே கொட்டும் அபாயம் பெரிதும் குறையும். இந்த மாற்றத்தின் உண்மையான பயன் அதுதான்.

வடிந்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றிய பின், தயாரிப்பாளர் கையேடு சொல்லும் வெப்பநிலையிலும் முறையிலும் மட்டத்தைச் சரிபாருங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, பிளக்கைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; சில நாட்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்ப்பதும் அவசியம்.