டெக்சஸில் குட்டைக் குழல் ரைஃபிள்: க்ரீன் கார்டுக்காரர் வாங்கலாமா?

கேள்வி (சுருக்கமாக): ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். எனக்கு க்ரீன் கார்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நகைக்காக நம்மூர்க்காரர் வீடாகப் பார்த்துத் திருடுகிறார்கள் என்ற பயத்தில் போன வருஷம் முறைப்படி கடையில் ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினேன், 16 அங்குலக் குழல். மாடிப்படி திரும்பும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு நகரவே முடியவில்லை. கன் ஷோவில் ஒரு கடைக்காரர் 10.5 அங்குல அப்பர் (குழலோடு வரும் மேல்பாகம்) ஒன்றை எந்தப் பேப்பரும் இல்லாமல் தருகிறேன் என்கிறார், அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். "டெக்சஸில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், 200 டாலர் வரியும் போய்விட்டது, வாங்கி மாட்டிக்கொள்" என்கிறார் ஆபீஸ் நண்பர். மாட்டலாமா? எங்களோடு தங்கியிருக்கும் மச்சான் எச்-1பி-யில் இருக்கிறார், அவருக்கு இதனால் ஏதாவது வருமா?

பதில்:

கடைக்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஏஆர்-15-இல் சீரியல் நம்பர் பொறித்த கீழ்ப்பாகம், அதாவது லோயர், அதுதான் ஃபெடரல் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. குழலோடு வரும் மேல்பாகம் வெறும் உதிரிபாகம், அதை விற்க யாரும் உங்கள் அடையாள அட்டையைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. நண்பர் சொன்ன இரண்டு சேதியும்கூட உண்மைதான். மூன்றையும் கூட்டி அவர் போட்ட கணக்கு மட்டும்தான் தப்பு, ஆனால் அந்தத் தப்புக்கு 10 வருஷம் வரை சிறை இருக்கிறது, உங்களுக்கு அதைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

டெக்சஸில் நடந்தது இதுதான். மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 46.05 பிரிவு, தடைசெய்த ஆயுதங்களின் பட்டியலில் குட்டைக் குழல் துப்பாக்கியையும் வைத்திருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆக, டெக்சஸ் போலீஸ் மாநிலச் சட்டத்தில் அதற்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் இதைக் கட்டுப்படுத்துகிற பெரிய சட்டம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் போட்டதே இல்லை. 1934-இல் வாஷிங்டனில் போட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டம் அது. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன், இரண்டில் எதுவானாலும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தது, இவை ஏடிஎஃப் என்கிற ஃபெடரல் துப்பாக்கித் துறையின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், உங்கள் பெயரில் ஏறாத ஒன்று உங்கள் கையில் இருப்பதே குற்றம். டெக்சஸ் சட்டசபை நினைத்தாலும் இதை ரத்து செய்ய முடியாது.

வரி விஷயமும் அப்படித்தான். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் இருந்த 200 டாலர் வரியைப் பூஜ்யம் ஆக்கியது. பூஜ்யமானது வரி மட்டும்தான். விண்ணப்பம், கைரேகை, போட்டோ, உங்கள் ஊர் ஷெரிஃப் அல்லது போலீஸ் தலைவருக்கு ஒரு நகல், ஏடிஎஃப் ஒப்புதல் வரும்வரை காத்திருப்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. வரியே இல்லாதபோது வரிச் சட்டத்தின் பேரில் பதிவு எப்படிக் கேட்கலாம் என்று வழக்குகள் போட்டிருக்கிறார்கள். வாதம் சுவாரசியமானதுதான், ஆனால் அதில் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பி இன்றைக்கு மாட்டிக்கொண்டு உட்காருவது, க்ரீன் கார்டு வைத்திருப்பவர் செய்கிற வேலை இல்லை.

ஊரில் கலெக்டர் ஆபீஸுக்கு அலையாய் அலைந்தாலும் லைசென்ஸ் கிடைக்காது என்று பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே கடையில் ஒரு படிவத்தை நிரப்பி அரைமணி நேரத்தில் ரைஃபிளோடு வெளியே வருவதே அதிசயமாக இருக்கிறது, அதனால் மீதி எல்லாமும் இப்படித்தான் லேசாக இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. வாங்குவது லேசு. வாங்கியதை எந்த உருவத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் சட்டம் அங்குலம் அங்குலமாக நிற்கிறது.

சரி, நீங்கள் அந்த அப்பரை மாட்டினால் என்ன ஆகும்? இரண்டு பின்னைத் தள்ளி அப்பரை மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது, அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் பதிவில்லாத குட்டைக் குழல் ரைஃபிளைத் "தயாரித்தவர்" ஆகிவிடுவீர்கள், சட்டத்தில் இருக்கிற சொல்லே அதுதான். மாட்டாமல் அலமாரியில் வைத்திருந்தால்? உங்களிடம் இருப்பது ஒரே ஒரு லோயர், அதுவும் ரைஃபிளாக விற்கப்பட்டது. அந்தக் குட்டை அப்பருக்கு உங்கள் வீட்டில் சட்டப்படியான உபயோகம் எதுவும் கிடையாது. 1992-இல் தாம்சன் சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாகங்களைச் சட்டத்துக்கு உட்பட்ட வடிவத்திலும் சேர்க்க முடியும் என்பதால்தான் அந்தத் துப்பாக்கிக் கம்பெனியைத் தப்பவிட்டது. உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வாங்கி வைப்பதுகூட வேண்டாம்.

அடுத்து உங்கள் நண்பர் "ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு பிரேஸ் போட்டால் அது பிஸ்டல்தானே" என்பார். ஸ்டாக் என்பது தோளில் ஊன்றும் பின்கட்டை, பிரேஸ் என்பது முன்கையில் கட்டிக்கொள்ளும் தாங்கி. யூடியூபில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். பிரேஸ் போட்ட பிஸ்டல்களையும் குட்டைக் குழல் ரைஃபிளாக எண்ண வேண்டும் என்று ஏடிஎஃப் 2023-இல் கொண்டுவந்த விதியை டெக்சஸ் ஃபெடரல் நீதிமன்றம் 2024 ஜூனில் தூக்கிவிட்டது, அது சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு, பிஸ்டலாகவே தயாராகி பிஸ்டலாகவே விற்ற துப்பாக்கிகளுக்குத்தான் உதவும். உங்களுடையது ரைஃபிளாகப் பிறந்தது. ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம் 16 அங்குலக் குழலுக்கோ 26 அங்குல நீளத்துக்கோ கீழே போனால், பிரேஸ் போட்டாலும் சரி, ஒன்றுமே போடாமல் விட்டாலும் சரி, அது பதிவு செய்ய வேண்டிய ஆயுதம்தான். இந்த ஒரு வரி தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

இப்போது அந்தப் பெரிய விஷயம். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் இதில் மாட்டினால் அவருக்கு நல்ல வக்கீல், கொஞ்சம் அதிர்ஷ்டம், கோர்ட் மேற்பார்வையோடு முடிந்துபோகலாம். உங்களுக்கு அப்படி முடியாது. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கென்றே ஒரு நாடுகடத்தல் பிரிவு இருக்கிறது. அதுவும் போதாதென்று, "கொடுங்குற்றம்" என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் கொலையும் போதைப்பொருள் கடத்தலும் இருக்கிற அதே இடத்தில் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் இந்தத் தண்டனைப் பிரிவையும், 5861, நம்பர் போட்டே சேர்த்திருக்கிறார்கள். எத்தனை மாதம் தண்டனை என்ற கேள்வியே அங்கே இல்லை, ஒருநாள்கூட ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் தீர்ப்பு தீர்ப்புதான். அந்தப் பட்டியலில் விழுந்தவர் "இத்தனை வருஷம் இருந்தேன், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், மன்னியுங்கள்" என்று இமிக்ரேஷன் நீதிபதியிடம் கேட்கிற வழியும் அடைபடும், குடியுரிமைக் கதவும் நிரந்தரமாக மூடும். டெக்சஸில் வழக்கமாகத் தருகிற "குற்றத்தை ஒப்புக்கொள், நன்னடத்தையாக இருந்தால் தீர்ப்பே எழுத மாட்டோம்" என்கிற ஏற்பாடு இருக்கிறதே, மாநிலத்தில் அது தண்டனை இல்லை, இமிக்ரேஷன் கணக்கில் அது தண்டனைதான். எந்தத் துப்பாக்கி வழக்கானாலும் கிரிமினல் வக்கீல் சொல்வதை மட்டும் கேட்டுத் தலையாட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னால்? துப்பாக்கியின் எந்த அம்சம் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறதோ அது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும், 1994-இல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. 10.5 அங்குலம் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவருக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சட்டம் தெரியாது என்பது எப்போதுமே பதில் இல்லை.

முறைப்படி செய்யலாமா என்றால், செய்யலாம். க்ரீன் கார்டுக்காரருக்குத் தடை இல்லை. இருக்கிற ரைஃபிளையே குட்டையாக்க ஃபார்ம் 1, தயாராக இருப்பதைக் கடையில் வாங்க ஃபார்ம் 4. ஃபார்ம் 1 என்றால் ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் குட்டை அப்பரை வாங்க வேண்டும், லோயரில் உங்கள் பெயர், ஊர், மாநிலம் பொறிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு தடவை படுகிற பாடு, முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு வருவதுதான் தொல்லை. ஐடி வேலையில் இருக்கிறீர்கள். நாளைக்கே நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ நல்ல வேலை வந்தால் இந்தத் துப்பாக்கியை அங்கே கொண்டுபோக முடியாது, இரண்டு மாநிலமும் சாதாரண ஆட்களுக்கு இதைத் தடைசெய்திருக்கின்றன. தடை இல்லாத மாநிலத்துக்குக் கொண்டுபோவதானாலும், ஒரு வாரத்துக்கே ஆனாலும், முன்கூட்டியே ஏடிஎஃப்-இடம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தியாவுக்கு ஒரு மாதம் போகிறீர்கள், நண்பர் வீட்டில் கொடுத்து வைக்கலாம் என்றால் முடியாது, பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது, அவர் கையில் இருந்தால் அவர் குற்றவாளி. மனைவிக்குச் சேஃப் சாவி எங்கே என்று தெரிந்தாலே கேள்வி வரும், அதற்காகவே ஒரு டிரஸ்ட் பெயரில் பதிவு செய்து அவரையும் கைரேகை கொடுக்க வைத்துச் சேர்க்கிறார்கள்.

மச்சான் விஷயம் இங்கேதான் வருகிறது, அதை உங்கள் முதல் கேள்வியைவிட அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது இப்போது வீட்டில் இருக்கிற 16 அங்குல ரைஃபிளுக்கும் பொருந்தும். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் வந்தவர்கள் எந்தத் துப்பாக்கியையும், ஒரு தோட்டாவைக்கூட, வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, சில சின்ன விலக்குகள் வேறும் உண்டு. சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் போய்ச் சும்மா நாலு ரவுண்டு சுட்டதும் இந்தத் தடையில் அடங்கும். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கில், மாணவர் விசாவில் வந்து படிப்பு நின்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்ட இளைஞர் ஒருவர், ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சில் சுட்டதற்காகத்தான் மாட்டினார். அவருடைய அந்தஸ்து அவருக்கே தெரிந்திருந்தது என்று அரசு காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது அவருக்கு உதவியது, தன் விசா எது என்று நன்றாகத் தெரிந்த மச்சானுக்கு உதவாது. சேஃப் பூட்டியிருக்க வேண்டும், நம்பர் மச்சானுக்குத் தெரியக் கூடாது. அவரை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிற ஆசை இருந்தால் முதலில் வேட்டை லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் 17 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி விட்டுவைப்பது டெக்சஸில் தனிக் குற்றம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை கேட்டால், இந்தக் குட்டை ரைஃபிளைக் குடியுரிமை வரும்வரை மறந்துவிடுங்கள். பதிவு செய்தே வாங்கினாலும், அடுத்த மூன்று வருஷத்தில் ஒரு சின்னக் கவனக்குறைவு உங்களை அந்தப் பட்டியலுக்குள் தள்ளிவிடும், கிடைக்கிற லாபமோ ஐந்தரை அங்குலம். அதுவும் 10.5 அங்குலக் குழலில் அந்தத் தோட்டாவைப் பூட்டிய வீட்டுக்குள் சுட்டால் வருகிற சத்தமும் தீப்பிழம்பும் சாதாரணமானதல்ல, மாடிப்படியில் நின்று சுட நேர்ந்தால் திருடனுக்கு முன்னால் உங்கள் காது போய்விடும். நீளம்தான் பிரச்சினை என்றால் புல்பப் ரைஃபிள் பாருங்கள். டவோர் எக்ஸ்95 போன்றவற்றில் குழலின் பின்பகுதி தோள் வரை போவதால், 16 அங்குலத்துக்கு மேல் குழல் இருந்தும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேலே, கடையில் வழக்கமான படிவத்தோடு சரி, ஏடிஎஃப் ஒப்புதல் தேவையில்லை. இல்லையென்றால் ஒரு நல்ல கைத்துப்பாக்கி, அதற்கு இரண்டு நாள் பயிற்சி.

கன் ஷோக்காரரிடம் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் போகட்டும். கேள்வி எழுதியதற்கும் இந்தப் பதிலுக்கும் நடுவில் அதை வாங்கி மாட்டியே விட்டீர்கள் என்றால், உடனே கழற்றுங்கள், பழைய அப்பரைத் திரும்ப மாட்டுங்கள், குட்டை அப்பர் வீட்டில் இருக்கக் கூடாது. மாட்டியதை அப்புறம் பதிவு செய்து சரிக்கட்டலாம் என்று ஃபார்ம் 1 போடாதீர்கள், செய்வதற்கு முன்னால் ஒப்புதல் வாங்கத்தான் அந்தப் படிவம். மாட்டி எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தால் மேற்கொண்டு அதைப் பற்றி யாரிடமும் எழுதவோ பேசவோ வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். துப்பாக்கிச் சட்டமும் இமிக்ரேஷனும் இரண்டுமே தெரிந்த வக்கீல் ஒருவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.