கன்னியர் மடத்தில் சேரப்போகும் மகளை எப்படி ஆயத்தப்படுத்தி அனுப்புவது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் துறவற சபையில் சேர விரும்புவதாகவும், பெற்றோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும் குளச்சல் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போன மறுநாளே அவள் துறவியாகிவிடுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவர் நவதுறவில், அதாவது துறவு வாழ்வுக்கான தொடக்கப் பயிற்சியில், சேர இயலாது. அக்காலம் குறைந்தது 12 மாதங்கள். அதன்பின் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கடைப்பிடிப்பதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடும் தற்காலிகமானதே. அதற்குப் பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகள் கழிந்து, 21 வயதும் நிறைந்த பின்னரே வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு. ஆகவே இடையில் திரும்பி வருவது இழுக்கல்ல. அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழுவில்) என்ன பேசுவார்களோ என்ற உங்கள் அச்சத்தை அவள் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்குங்கள். அவள் உங்கள் தாய்வீட்டுப் பங்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தால் பதிவேடு அங்கேதான் இருக்கும். பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் பெண் பிறந்ததுமே நகை சேர்க்கத் தொடங்கிவிடுகிறோம் அல்லவா, அதை உடனே தங்கைக்கு என்று ஒதுக்க அவசரம் வேண்டாம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தின் நிர்வாகத்தைத் தான் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைப்பதும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுதுவதும் அவளுடைய பொறுப்பு.

பெட்டிக்கான பட்டியலைச் சபையே தந்துவிடும். வட இந்தியப் பணித்தளங்களுக்கு அனுப்புவார்களா, விடுமுறை எப்போது, தொலைபேசியில் பேசலாமா என்பவற்றை மகளை அருகில் வைத்துக்கொண்டே சபைத் தலைவியிடம் கேளுங்கள்.