லேவியராகமப் பண்டிகைகள் கிறிஸ்தவர்களுக்கு எதற்கு?

லேவியராகமம் 23-ல் சொல்லியிருக்கும் பண்டிகைகளை நாமும் ஆசரிக்க வேண்டுமா, இல்லையென்றால் அவற்றில் நமக்கு என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசரிக்கக் கட்டாயம் இல்லை. ஆனால் அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் சுவிசேஷங்களை, அதிலும் யோவானை, வாசித்தால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும்.

சபைகளில் வழக்கமாக ஒரு அட்டவணை போட்டுக் காட்டுவார்கள். பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை) என்றால் சிலுவை, முதற்பலன் என்றால் உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே என்றால் ஆவியானவர். எக்காளம், பாவநிவாரண நாள், கூடாரம் மூன்றும் இரண்டாம் வருகைக்கு. முதல் பாதிக்கு வேதத்திலேயே ஆதாரம் உண்டு. 1 கொரிந்தியரில் பவுல் கிறிஸ்துவைப் பஸ்கா என்றும் சொல்கிறார், முதற்பலன் என்றும் சொல்கிறார். பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற யாத்திராகமம் 12-ம் அதிகாரக் கட்டளையை யோவான் சிலுவையடியில் நினைவுபடுத்துகிறார். பிற்பாதி பெரும்பாலும் ஊகம். எபிரெயர் 9-ம் அதிகாரம் பாவநிவாரண நாளை எதிர்காலத்துக்குத் தள்ளவே இல்லை. பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனதையும் கிறிஸ்து ஒரேதரம் பிரவேசித்ததையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. அட்டவணை அந்த இடத்திலேயே இடிக்கிறது.

என்னைக் கேட்டால் நாம் அதிகம் கண்டுகொள்ளாத, ஜனங்கள் ஏழு நாள் கூடாரங்களில் தங்கும் கூடாரப்பண்டிகையில்தான் சரக்கு அதிகம். ஏழாம் மாதம் 15-ம் தேதி தொடங்கும். நம் கணக்கில் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். இஸ்ரவேலில் கோடை முழுக்க மழையே கிடையாது. கிணறும் தொட்டியும் வற்றியிருக்கும், எல்லோருக்கும் அடுத்த மழை எப்போது என்ற கவலை. எருசலேம் தேவாலயம் இருந்த நாளில் இந்தப் பண்டிகையை எப்படி நடத்தினார்கள் என்று கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு விவரமாகச் சொல்கிறது. சீலோவாம் குளத்தில் ஒரு பொற்குடுவையில் தண்ணீர் மொள்வார்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர், அவ்வளவுதான். தேவாலயத்தின் தண்ணீர் வாசல் வரும்போது எக்காளம் ஊதும். ஆசாரியன் பலிபீடத்தின் சாய்தளத்தில் ஏறி, அங்கிருக்கும் இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் தண்ணீரும் மற்றதில் திராட்சரசமும் ஊற்றுவான். ஊற்றும்போது ஜனங்கள் "கையைத் தூக்கு!" என்று கத்துவார்களாம். காரணம், ஒருமுறை ஒரு ஆசாரியன் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிவிட்டான். கூட்டம் கையில் வைத்திருந்த நாரத்தை மாதிரியான பழங்களாலேயே அவனை அடித்துவிட்டது. தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு உணர்ச்சி.

இதைத் தெரிந்துகொண்டு யோவான் 7:37-ஐப் படியுங்கள். "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று இயேசு சத்தமிட்டது இந்தப் பண்டிகையின் கடைசி நாளில். அது ஏழாம் நாளா எட்டாம் நாளா என்று அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. எதுவாக இருந்தாலும் கேட்டவர்களுக்கு எந்தத் தண்ணீர் ஞாபகம் வந்திருக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. இதே பண்டிகையில் ஸ்திரீகளின் பிராகாரத்தில் பெரிய பொன் விளக்குத்தண்டுகள் ஏற்றுவார்கள். ஆசாரியர்களின் பழைய கால்சட்டையையும் இடைக்கச்சையையும் கிழித்துத்தான் திரி. எருசலேமில் அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லை என்கிறது மிஷ்னா. "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்ற வசனம் அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது, சொன்ன இடமும் தேவாலயம்தான்.

சரி, ஆசரிப்பது? கொலோசெயர் 2:16-17 இவற்றை வருங்காரியங்களுக்கு நிழல் என்கிறது, இதை வைத்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. கொண்டாடாதவனைக் குறை சொல்பவருக்கும் கொண்டாடுபவனைக் குறை சொல்பவருக்கும் அதே வசனம்தான். 2-ம் நூற்றாண்டில் ஆசியா மைனர் சபைகள் யூதர்களின் நிசான் மாதம் 14-லேயே, அது எந்தக் கிழமையானாலும், பஸ்காவை ஆசரித்தன, ரோமில் ஞாயிற்றுக்கிழமை. ஆசியா மைனரின் சிமிர்னா சபைக் கண்காணி பொலிகார்ப் ரோமுக்கே போய் அங்கிருந்த கண்காணி அனிசெட்டஸிடம் பேசினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் சேர்ந்து நற்கருணை எடுத்துச் சமாதானமாகப் பிரிந்தார்கள். இன்றைய யூடியூப் சண்டைகளைப் பார்க்கும்போது அவர்கள் எவ்வளவோ தேவலாம்.

எனக்குச் சங்கடம் தருவது இன்னொன்று. சில சபைகள் யூதர்களின் பஸ்கா இரவு விருந்தை மேடை போட்டு நடித்துக் காட்டுகின்றன. செடர் எனப்படும் அந்த விருந்தின் இன்றைய ஒழுங்கில் பெரும்பகுதி கி.பி. 70-ல் தேவாலயம் இடிந்த பிறகு ரபிகள் (யூத வேத போதகர்கள்) அமைத்தது. கடைசி இராப்போஜனம் அப்படியே இப்படித்தான் நடந்தது என்று சொல்ல முடியாது. தவிர, யூதர்களுக்கு அது எதற்கும் நிழல் அல்ல, இன்றும் அவர்கள் வீட்டில் நடக்கிற வழிபாடு. ஒரு யூதக் குடும்பம் அழைத்தால் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள், அது வேறு. நம் பக்கத்திலேயே கேரளத்து தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீட்டில் பெசஹா அப்பம் சுட்டு, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்கிறார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் சுடமாட்டார்கள், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது யாரையும் பார்த்துப் போட்ட வேஷம் இல்லை, அவர்களுடைய சொந்த வழக்கம்.

படிக்கத் தொடங்குவதென்றால் யாத்திராகமம் 12, லேவியராகமம் 16, 23, அப்புறம் யோவான் 5 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். யோவான் 10:22-ல் வருகிற பிரதிஷ்டைப் பண்டிகையை மட்டும் லேவியராகமத்தில் தேடாதீர்கள். அது தேவாலயத்தை மீட்டுச் சுத்திகரித்த மக்கபேயர் என்ற யூதக் குடும்பத்தார் காலத்தில், கி.மு. 164 வாக்கில் வந்து சேர்ந்தது.